மினி பைபாஸ் ஹோஸ்: ஹெட் கழட்டாம மாத்தலாமா? (திருகோணமலை)

உப்புவெளிப் பொடியன் | ஞாயிறு, இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருசமா ஒளிச்சு நிண்டு வாசிக்கிறன், எழுதிறது இதுதான் முதல் தரம்.

வண்டி 1966 ஒஸ்டின் மினி, 848 சீசீ. கண்ணாடியைப் பக்கவாட்டில இழுத்துத் திறக்கிற, கதவுக்கு உள்ளால கயிறு இழுக்கிற மொடல். அப்பாட கார். றோட்டில நிப்பாட்டினா எல்லாரும் "மினி கூப்பரா தம்பி?" எண்டு கேக்கிறாங்க. இல்லை, வெறும் மினி. கூப்பர் எண்டா அதை வித்து வீட்டுக்கு மேல் மாடி கட்டியிருப்பன்.

போன கிழமை கந்தளாய் போய்த் திரும்பி வரேக்க தம்பலகாமம் சந்திக்குக் கிட்ட ஒரு மணம். துருத் தண்ணி கொதிக்கிற மணம். இதில சூடு காட்டிற மீட்டர் கிடையாது, மூக்குத்தான் மீட்டர். ஓரமா நிப்பாட்டி பொனட்டைத் திறந்தா இடது பக்கத்தால ஆவி. நல்ல கச்சான் காத்து வேற, நிழலும் இல்லை. அரை மணித்தியாலம் ஆற விட்டு, ரெண்டு போத்தல் குடிதண்ணிய ஊத்தி ஒரு மாதிரி வீடு வந்து சேந்தன்.

வீட்டில டோர்ச்சும் மகளிட விளையாட்டுக் கண்ணாடியும் வச்சுப் பாத்ததில கசிவு பிடிபட்டுது. சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில இருந்து வோட்டர் பம்ப் தலைக்கு இறங்கிற ஒரு கட்டை ஹோஸ், அதுதான் பைபாஸ் ஹோஸ். பெருவிரல் நீளம் வராது. அதில இருந்து சொட்டுச் சொட்டா. எஞ்சின் ஆறினா நிண்டுடுது.

டவுனில ஒரு கராஜில காட்டினன். "இதுக்கு ஹெட் கழட்டவேணும், கேஸ்கட் மாத்தவேணும், வண்டிய விட்டுட்டுப் போங்க" எண்டார். இன்னொருத்தர் அந்த ஹோஸே தேவையில்லை, ரெண்டு பக்கமும் அடைச்சு விடலாம் எண்டார். ஒரு கட்டை ஹோஸுக்கு ஹெட்டைத் தூக்கிறதா? ஆர் சொல்லுறது சரி?

---

கிண்ணியா நானா | ஞாயிறு, இரவு 9.40

கன்னியாவில ஏழு வெந்நீர்க் கிணறு காணாதெண்டு எட்டாவதை நீங்க பொனட்டுக்க வெட்டிட்டீங்க போல 😄

நம்மட்ட இரிக்கிறது மொரிஸ் மைனர் 1000. அதுலயும் இதே எஞ்சின் குடும்பம்தான், இதே ஹோஸ்தான். ஆனா மைனர்ல எஞ்சினுக்குப் பக்கத்தில ஆள் இறங்கி நிண்டு வேல செய்யலாம். மினிய நினைச்சாலே கை எரியிது. வாப்பா சொல்லுவார், மினி வேலைக்கு மெக்கானிக்கத் தேடாத, சின்னக் கை உள்ள பொடியனத் தேடு எண்டு.

பழைய ஸ்பானர் ஐயா வரட்டும். அவர் வந்தா மருந்து கிடைக்கும்.

---

பழைய ஸ்பானர் | திங்கள், காலை 5.55

தம்பி, ஹெட்டில கை வைக்க வேண்டாம். அடைக்கவும் வேண்டாம். பம்பைக் கழட்டும், ஹோஸ் தன்பாட்டில வரும்.

முதல்ல அந்த இடம் ஏன் அப்படி நெருக்கமெண்டு விளங்கவேணும். மைனரைக் கீறின அதே இசிகோனிஸ்தான் மினியையும் கீறினவர். 1959 இல வந்த கார். மொத்த நீளம் 10 அடி, அதுக்குள்ள நாலு பேர் இருக்கவேணும். அதால எஞ்சினைக் குறுக்க படுக்க வச்சு, கியர் பெட்டிய எண்ணெய்ச் சட்டிக்குள்ளயே அடக்கி, ரேடியேட்டரைக் கொண்டுபோய் இடது பக்க மூலையில செருகிவிட்டார். விசிறி காத்தை இடது சில்லுப் பக்கமாத் தள்ளுது. ஆகவே ரேடியேட்டர், விசிறி, பம்ப், உம்மட கட்டை ஹோஸ் எல்லாம் ஒரு சாண் இடைவெளிக்குள்ள. மேல இருந்து பாத்தா ஒண்டும் தெரியாது. பொறியியலுக்குக் கும்பிடலாம். ஸ்பானர் பிடிக்கிறவனுக்குத்தான் சாபம்.

வேலை இந்த ஒழுங்கில போகும். எஞ்சின் நல்லா ஆறினாப்பிறகு பட்டறியைக் கழட்டும், தண்ணிய இறக்கும். ரேடியேட்டர் மேல் பிரக்கட், அடி பிரக்கட், மேல் ஹோஸ், அடி ஹோஸ். ரேடியேட்டர் வெளிய வந்தா பாதி வேலை முடிஞ்சுது. பெல்ட்டைத் தளத்தி விசிறியையும் கப்பியையும் கழட்ட 4 போல்ட், 7/16 சாவி. பிறகு பம்புக்கு 4 போல்ட், 1/2 சாவி. டைனமோவிட மேல் போல்ட் ஒண்டு பம்பிலதான் பூட்டியிருக்கு, அதை மறந்துபோட்டு பம்பை நெம்பி உடைச்ச ஆக்களைக் கண்டிருக்கிறன். எல்லாம் இஞ்சிக் கணக்கு. 13 மில்லிமீட்டர் சாவி போகும் எண்டு போடாதயும். போகும்தான், போல்ட்டின்ர மூலையையும் கொண்டு போகும்.

போல்ட் எல்லாம் ஒரே நீளமில்லை. ஒரு காட்போட் மட்டையில பம்பின்ர படத்தைக் கீறி, கழட்டின போல்ட்டை அந்தந்த இடத்தில குத்தி வையும். 40 வருசமா நான் இப்பிடித்தான்.

இனி முக்கியமான விசயம். ஒரு ஹோஸ் போச்சு எண்டா மற்றதுகளும் அதே வயதுதான். மேல் ஹோஸ், அடி ஹோஸ், ஹீட்டர் இருந்தா அதின்ர ரெண்டு ஹோஸ், எல்லாத்தையும் ஒரே நாளில மாத்தும். விரலால அமத்திப் பாரும். மாசி மாதிரி இறுகினதும் கூடாது, பழுத்த பப்பாசி மாதிரி மெத்தெண்டு போறதும் கூடாது. கிளிப்புக்குக் கிட்டத்தான் முதல்ல வெடிக்கும், நடுவில நல்லா இருக்கெண்டு ஏமாற வேண்டாம். பம்புக்கு அடியில ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதால தண்ணி வழிஞ்ச தடம் இருந்தா பம்பையும் மாத்தும், இல்லாட்டி மூண்டு மாதத்தில இதே வேலைய இன்னொருக்காச் செய்வீர்.

---

ரெட்லைன் | திங்கள், முற்பகல் 10.21

ஐயா சொல்றது பழைய காலத்து முறை. ப்ரோ, பைபாஸை ப்ளொக் பண்ணுங்க, தெர்மோஸ்டட்டைக் கழட்டி எறியுங்க, முன்னால ஒரு எலக்ட்ரிக் ஃபேன் போடுங்க, எல்லா ஹோஸும் சிலிக்கன். நம்ம நாட்டு வெயிலுக்கு தெர்மோஸ்டட் எதுக்கு? கொழும்புல என் ஃப்ரெண்ட் இப்படித்தான் ஓட்றான், ஒரு ப்ரொப்ளமும் இல்ல.

---

பழைய ஸ்பானர் | திங்கள், மாலை 4.30

தம்பி ரெட்லைன், தெர்மோஸ்டட்டை எறியிறது எங்கட ஊர்க் கைவைத்தியம். காய்ச்சலுக்கு தர்மாமீட்டரை உடைச்சா காய்ச்சல் போகாது.

எஞ்சின் குளிரா இருக்கேக்க தெர்மோஸ்டட் மூடியிருக்கும். ரேடியேட்டருக்குப் போற வழி இல்லை. ஆனா பம்ப் சுத்திக்கொண்டுதான் இருக்குது. புளொக்கால ஏறி ஹெட்டுக்கு வந்த தண்ணி எங்க போகும்? அந்தப் பெருவிரல் நீள ஹோஸாலதான் திரும்பிப் பம்புக்கு வரும். சூடு ஒரே சீராப் பரவ அது வழி செய்யுது. அதை அடைச்சா தண்ணி அசையாம நிக்கும், எக்ஸோஸ்ட் வால்வுப் பக்கம் கொதிக்கும், ஆனா தெர்மோஸ்டட்டுக்குச் சூடு வந்து சேராது. பிந்தித்தான் "டக்" எண்டு திறக்கும். பிறகு ஹெட் கேஸ்கட் போனா வெயிலைத்தான் திட்டுவினம்.

வெயிலுக்கு 74 பாகை தெர்மோஸ்டட் போடலாம். வழமையானது 82. அவ்வளவுதான் வித்தியாசம்.

எலக்ட்ரிக் ஃபேன் பற்றி: 1966 மினியில கார் பொடியில பூட்டியிருக்கிறது பட்டறியின்ர பிளஸ் பக்கம். இந்தக் காலத்து ஃபேனைக் கறுப்பு வயர் பொடிக்கு எண்டு பழக்கத்தில பூட்டினா, ஒண்டில் மற்றப் பக்கம் சுத்தும், இல்லாட்டி ஃபியூஸ் போகும். உம்மட சினேகிதன்ர கார் மைனஸுக்கு மாத்தினதா எண்டு கேட்டுப் பாரும்.

---

பனிக்குளிர் | திங்கள், இரவு 11.08

நான் ஓர்ஸ் ஹில்லில வளந்தவன், இப்ப பர்மிங்ஹாம். மினி செய்த லோங்பிரிஜ் இங்கயிருந்து கிட்டத்தான்.

ரெண்டு பக்கத்திலயும் கொஞ்சம் நியாயம் இருக்கு. பைபாஸை அடைக்கிற ஆக்கள் இங்கயும் இருக்கினம். பிந்தி வந்த 1275 எஞ்சின்களில பைபாஸே இல்லாம கம்பனியே விட்டது. ஆனா சும்மா அடைக்கிறேல்லை. தெர்மோஸ்டட்டின்ர விளிம்பில 3 மில்லிமீட்டர் அளவில ரெண்டு மூண்டு துளை போட்டு, மூடியிருக்கேக்கயும் கொஞ்சத் தண்ணி ஓட வழி செய்யிறது. இல்லாட்டி ஹீட்டர் டெப் எப்பவும் திறந்திருக்கவேணும். திருகோணமலையில ஹீட்டரைத் திறந்து வச்சு ஓடுற மனுசன் ஆர்?

ஹோஸில ரெண்டு வகை. ஒண்டு நேர்க் குழாய், தடிப்பான றப்பர். மற்றது மடிப்பு மடிப்பா, அக்கோடியன் மாதிரி. மடிப்பு வகையைப் பம்ப் கழட்டாம அமத்திச் சுருக்கி இடையில நுழைச்சிடலாம். ரெண்டு கிளிப்பையும் முதல்ல அதில தளர்வாப் போட்டு, ஹோஸைச் சுருக்கி ஒரு கேபிள் டையால கட்டி, இடத்தில வச்சாப்பிறகு டையை வெட்டிவிட்டா விரிஞ்சு ரெண்டு முனையிலயும் உக்காரும். கொஞ்சம் சவர்க்காரத் தண்ணி பூசினா வழுகும். நடுவழியில நிண்டா இதுதான் கை கொடுக்கும். ஆனா மடிப்பில றப்பர் மெல்லிசு, கெதியா வெடிக்கும். டிக்கியில ஒண்டு வைக்கலாம், எஞ்சினில வைக்க நான் விரும்பேல்லை.

சிலிக்கன் நல்ல சாமான்தான். கிளிப் மலிவெண்டா மட்டும் அதின்ர பல்லு சிலிக்கனை அரிஞ்சுபோடும்.

தம்பி, அடுத்த கிழமை என்ட அக்கா ஊருக்கு வாறா. ஒரு நேர் ஹோஸ், ஒரு மடிப்பு ஹோஸ், பம்ப் கேஸ்கட், அடி ஹோஸ் அவவின்ர பெட்டிக்குள்ள வைக்கிறன். மேல் ஹோஸைக் கொழும்பில பஞ்சிகாவத்தையில எடுக்கலாம்.

---

உப்புவெளிப் பொடியன் | செவ்வாய், காலை 6.40

அண்ணை, என்ன சொல்லுறதெண்டே தெரியேல்லை. காசு என்ன மாதிரி அனுப்பிறது?

---

பனிக்குளிர் | செவ்வாய், மதியம் 1.15

காசு வேண்டாம். உட்துறைமுக வீதியால ஒரு பின்னேரம் அந்த மினியை ஓட்டி ஒரு படம் போடும், காணும்.

---

ஏ40 | செவ்வாய், இரவு 8.50

யாழ்ப்பாணத்திலயிருந்து எழுதிறன். என்ர ஒஸ்டின் ஏ40 மண்ணெண்ணெயில ஓடினது தெரியுமோ? 90களில பெற்றோல் இல்லாத காலம். காபரேற்றருக்கு ரெண்டு துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாத்திறது. ஊரே புகை. அப்ப ரேடியேற்றர் ஹோஸுக்கு சைக்கிள் ரியூப்தான் பாருங்கோ. வெட்டி, மூண்டு சுத்து, கம்பி. அது ஒரு காலம்.

ஒரு கேள்வி. என்ன தண்ணி விடுறியள் தம்பி?

---

உப்புவெளிப் பொடியன் | செவ்வாய், இரவு 9.05

கிணத்துத் தண்ணிதான் அண்ணை. கூலன்ட் போடச் சொல்லி ஒருத்தர் சொன்னார். இங்க என்ன பனியா விழுது?

---

ஏ40 | செவ்வாய், இரவு 9.31

எல்லாரும் கேக்கிற கேள்விதான். பனிக்கு மட்டுமில்லைத் தம்பி, அதுக்குள்ள துருப்பிடிக்காம இருக்க மருந்து கலந்திருக்கு. உங்கட பக்கம் கடற்கரைக் கிணறு, உவர்த் தண்ணி. அதைக் கொதிக்கக் கொதிக்க இரும்புக்குள்ள சுத்த விட்டா என்ன நடக்குமெண்டு கேத்தலின்ர அடியைப் பாருங்கோ. பட்டறிக்கு விடுற டிஸ்டில்ட் தண்ணி ரெண்டு பங்கு, கூலன்ட் ஒரு பங்கு. ரேடியேற்றர் மூடியையும் பாருங்கோ. மினிக்கு 13 இறாத்தல் அழுத்த மூடி. மூடியின்ர றப்பர் போயிருந்தா அழுத்தம் நிக்காது, தண்ணி கெதியாக் கொதிக்கும், நீங்கள் ஹோஸைக் குறை சொல்லுவியள்.

---

உப்புவெளிப் பொடியன் | சனி, இரவு 10.47

சாமான் வந்து சேந்துது. காலமை 7 மணிக்குத் தொடங்கினன், மச்சான் உதவி. இப்ப முற்றத்தில வண்டி வாயைப் பிளந்துகொண்டு நிக்குது. நானும் அப்பிடித்தான்.

ரேடியேட்டர் கழட்ட 2 மணித்தியாலம். அடி ஹோஸ் கிளிப்பின்ர தலை உள்ளுக்குப் பாத்துக்கொண்டிருந்துது, அதை எந்தப் பக்கத்தாலயும் பிடிக்க ஏலாம, கடைசியில ஹோஸையே கத்தியால அறுத்துப் போட்டன். பம்ப் போல்ட்டில மூண்டு சுகமா வந்துது. நாலாவதுக்கு முதல் நாள் ராத்திரி பிடிச்ச துரு எண்ணெயும், மச்சான்ர வாயில வந்த வார்த்தைகளும் தேவைப்பட்டுது.

பம்ப் வெளிய வந்தாப்பிறகுதான் அந்த ஹோஸை ஒழுங்காப் பாத்தன். அது மினி ஹோஸே இல்லை. ஏதோ லொறி ஹோஸில ஒரு துண்டு வெட்டி, உள்ளுக்கு சைக்கிள் ரியூப் ஒரு சுத்து வச்சு, செப்புக் கம்பியால ரெண்டு பக்கமும் கட்டியிருக்கு. ஏ40 அண்ணை சொன்ன அதே கதை. கம்பி முறுக்கு மற்றப் பக்கமாச் சுத்தியிருந்துது. அப்பா இடக்கையன். எங்கட வீட்டு வேலிக் கம்பியும் எல்லாம் அப்பிடித்தான் மற்றப் பக்கம் முறுக்கியிருக்கும், நாங்க அவிழ்க்கேக்க பிழையாத்தான் சுத்துவம். அந்தக் கம்பியை வெட்டாம, ஒவ்வொரு முறுக்கா அவிழ்த்து எடுத்தன். மச்சான் ஒண்டும் கேக்கேல்லை.

இனிப் பிரச்சினை. ஹெட்டில இருந்து கீழ நீட்டிக்கொண்டிருக்கிற குட்டிக் குழாய், ஹோஸ் பூட்டிற அந்த இரும்புக் குழாய், அதை எமரி பேப்பரால துடைக்க ஒரு பக்கம் பிஸ்கட் மாதிரி உதிந்துபோச்சு. விரல் நகத்தால சுரண்டினாலும் வருது. இப்ப ஹெட் கழட்டத்தான் வேணுமோ?

---

கிண்ணியா நானா | சனி, இரவு 10.59

யா அல்லாஹ்.

---

ரெட்லைன் | சனி, இரவு 11.10

ப்ரோ, இப்பவாவது ஓட்டையை அடைச்சிட்டு விடுங்க.

---

பழைய ஸ்பானர் | ஞாயிறு, காலை 5.20

பதற வேண்டாம் தம்பி. கராஜ்காரர் ஹெட் கழட்டவேணும் எண்டு சொன்னது இதைக் கண்டுதான் எண்டா, அவரை மன்னிச்சு விடும். ஆனா இதுக்கும் ஹெட் கழட்டத் தேவையில்லை.

அந்தக் குழாய் ஹெட்டோட சேந்து வார்த்ததில்லை, தனியா அடிச்சு இறுக்கினது. முதல்ல ஓட்டைக்குள்ள ஒரு துணியை நூல் கட்டித் திணியும், தூள் உள்ளுக்குப் போகக்கூடாது. நூல் வெளிய தொங்கவேணும், துணியை உள்ளுக்கு விட்டுட்டு எஞ்சினைப் பூட்டின ஆளும் இருக்கு, பேர் சொல்லமாட்டன், இப்ப எழுதிக்கொண்டிருக்கிறார். பிறகு ஹெக்ஸோ பிளேட்டின்ர ஒரு துண்டுக்குத் துணி சுத்திக் கையில பிடிச்சு, மிச்சக் குழாயின்ர உள்பக்கத்தில ரெண்டு கோடு அறும். ஹெட்டில முட்டுதெண்டு தெரிஞ்ச உடன நிப்பாட்டும். அந்தக் கோட்டில சின்ன உளி வச்சு உள்பக்கமா மெதுவா மடிச்சா குழாய் சுருங்கும். குறடால பிடிச்சு முறுக்கி இழும், வரும். அவசரப்பட்டு ஹெட்டின்ர ஓட்டையைக் கீறினா மட்டும்தான் ஆபத்து.

பிறகு லேத் கடைக்குப் போம். பழைய குழாயை அளவுக்குக் குடுக்கவேண்டாம், அது தேஞ்சது. ஓட்டையின்ர உள்ளளவை கலிப்பரில எடுத்துக் கொண்டுபோம். பித்தளையில கடையச் சொல்லும், ஓட்டையை விட ஒரு மயிரிழை பெரிசா. ஹோஸ் பிடிச்சு நிக்க முனையில ஒரு சின்ன வரம்பு விடச் சொல்லும்.

---

உப்புவெளிப் பொடியன் | புதன், இரவு 8.15

ஐயா, வேலை முடிஞ்சுது. முழுக்க இல்லை, சொல்லுறன்.

குழாய் வந்துது. 3 துண்டா வந்துது. லேத்தில இருந்த அண்ணைக்கு விசயத்தைச் சொன்ன உடன அவர் ஒரு கேள்வியும் கேக்காம, பழைய கடல் மோட்டர் ஒண்டின்ர பித்தளைத் தண்டில இருந்து கடைஞ்சு தந்தார். மீன்பிடி வள்ளத்து எஞ்சின் வேலை செய்யிற ஊரில இருக்கிறதில இது ஒரு நன்மை. உப்புக்கும் சூடுக்கும் எது நிக்குமெண்டு அவைக்குத் தெரியும்.

அந்தத் துண்டை ராத்திரி முழுக்க ஃப்ரீசரில வச்சன், சுருங்கட்டும் எண்டு. காலமை மனிசி ஐஸ்கிறீமுக்குப் பக்கத்தில அதை எடுத்துப் பாத்துட்டு என்னைப் பாத்த பார்வையை இங்க எழுத ஏலாது. ஓட்டையில கொஞ்சம் லொக்டைட் பசை பூசி, கீழ இருந்து நேரா அடிக்க இடமில்லாததால, ஒரு நீளக் கட்டையை அடியில குடுத்து ரெண்டு பேர் நெம்பி ஏத்தினம். "டிக்" எண்டு ஒரு சத்தம், இருந்துட்டுது. ஒரு நாள் காய விட்டன்.

பிறகு நேர் ஹோஸ். பம்பில முதல் ஹோஸைப் பூட்டி, ரெண்டு கிளிப்பையும் போட்டு, பம்பைச் சரிச்சு ஹோஸின்ர மேல் வாயை பித்தளைக் குழாயில ஏத்தி, பிறகுதான் பம்பைப் புளொக்கில வச்சு போல்ட் ஏத்தினது. கிளிப் தலை ரெண்டும் முன் கிறில் பக்கம் பாக்கிற மாதிரித் திருப்பினன், நீள ஸ்குரு டிரைவர் போகுது. ஐயா, அந்த மட்டைப் படம் பொன்னான யோசினை.

எல்லாம் பூட்டி, ரேடியேட்டரை இறக்கி, விசிறி, பெல்ட் எல்லாம் முடிச்சுத் தேத்தண்ணி குடிக்கேக்கதான் கண்டன். அடி ஹோஸ் கிளிப்பின்ர தலை திரும்பவும் உள்ளுக்குப் பாத்துக்கொண்டிருக்கு. அந்த இடத்தில என்னைத் திட்ட மச்சானுக்கும் வார்த்தை இருக்கேல்லை. திரும்ப ரேடியேட்டரைத் தூக்கித் திருப்பி வச்சன். 40 நிமிசம்.

தண்ணி விட்டன், டிஸ்டில்ட்டும் கூலன்டும் கலந்து. ஹீட்டரோட சேத்து கிட்டத்தட்ட 3.5 லீட்டர் பிடிக்கவேணும். ஆனா 2.5 லீட்டரோட ரேடியேட்டர் வாய் வரை நிரம்பிட்டுது. எங்கயோ பிழை.

---

பனிக்குளிர் | புதன், இரவு 9.02

காத்துப் பூட்டு, உள்ளுக்குக் காத்து அடைபட்டு நிக்குது. ஹீட்டர் டெப் மூடியிருக்கு எண்டு நினைக்கிறன்.

---

உப்புவெளிப் பொடியன் | புதன், இரவு 9.20

டெப் அசையுதில்லை அண்ணை. அது எஞ்சின்ர வலது பக்கத்தில, பின்னுக்கு. காபரேட்டருக்கும் தீச்சுவருக்கும் இடையில கை போகுதில்லை.

---

பழைய ஸ்பானர் | வியாழன், காலை 5.40

அப்பாவின்ர காலத்தில இருந்து திறந்திருக்காது. பலவந்தம் பண்ணினா உடையும், உடைஞ்சா அதுவும் ஹெட்டில இருந்து வழியும். துரு எண்ணெய் விட்டு ரெண்டு நாள் விடும். பிறகு குறடால ரெண்டு பக்கமும் மெல்ல அசைச்சுப் பாரும், திறக்க வேண்டாம், அசைச்சாக் காணும்.

அசைஞ்சாப்பிறகு முழுக்கத் திறந்து வச்சு, மூடியைக் கழட்டி, எஞ்சினைச் சும்மா ஓட விடும். மேல் ஹோஸைக் கையால பிசைஞ்சு விடும், பால் கறக்கிற மாதிரி. குமிழி வரும், தண்ணி இறங்கும், திரும்ப விடும். ஹீட்டர் ஹோஸ் ரெண்டும் ஒரே சூடா வந்தா காத்துப் போட்டுது எண்டு அர்த்தம். சூடேறினாப்பிறகு மூடியைத் திறக்கிற வேலை மட்டும் வேண்டாம். என்ட இடது கையில இருக்கிற அடையாளம் 1983 இல ஒரு மூடி தந்தது.

---

உப்புவெளிப் பொடியன் | ஞாயிறு, மாலை 6.35

டெப் அசைஞ்சுது. இன்னும் 900 மில்லி இறங்கிச்சு. கணக்குச் சரி.

இண்டைக்குக் காலமை கந்தளாய்க் குளக்கட்டு மட்டும் போய் வந்தன். மத்தியானம் 12 மணி வெயிலிலதான் வேணுமெண்டு திரும்பினன். தம்பலகாமம் சந்தியில அதே இடத்தில நிப்பாட்டி, பொனட்டைத் திறந்து, எஞ்சின் ஓடேக்கயே கண்ணாடி வச்சுப் பாத்தன். பித்தளை மஞ்சளா மினுங்குது, கீழ ஒரு சொட்டும் இல்லை. முன்னமெல்லாம் காரை நிப்பாட்டினாப்பிறகு ரேடியேட்டருக்குள்ள ஒரு குமுறல் கேக்கும், அதைச் சாதாரணமெண்டு நினைச்சிருந்தன். அதுவும் இல்லை. மூடியும் புதுசு, அதனாலயா இருக்கும்.

பனிக்குளிர் அண்ணை, உட்துறைமுக வீதிப் படம் கீழ இருக்கு. நடு றோட்டில மான் ரெண்டு நிக்குது, நான் கேட்டுக் கூப்பிடேல்லை.

---

பனிக்குளிர் | ஞாயிறு, மாலை 7.50

மான் இன்னும் டவுனுக்குள்ள வருதா. நன்றி தம்பி.

---

ரெட்லைன் | ஞாயிறு, இரவு 8.12

ஓகே, தோத்துட்டேன். ஃப்ரெண்டோட காரைக் கேட்டுப் பாத்தேன். மைனஸுக்கு மாத்தினதுதான். ஹெட் கேஸ்கட் போன வருசம் மாத்தினதாவும் சொல்றான். ஐயா கேக்க முன்னாடி நானே சொல்லிட்டேன்.

---

கிண்ணியா நானா | ஞாயிறு, இரவு 9.30

தம்பி, அந்த மடிப்பு ஹோஸ் ஒண்டு மிச்சம் இரிக்கும்தானே? நம்மட மைனர்லயும் இப்ப அதே இடத்தில ஈரம் தெரியிது. இந்த இழைய வாசிச்சதுக்குப் பிறகுதான் குனிஞ்சு பாத்த. பாலம் கடந்தா உங்கட வீடு தூரமில்ல, நாளைக்குப் பின்னேரம் வாறன்.

---

உப்புவெளிப் பொடியன் | ஞாயிறு, இரவு 9.41

வாங்க நானா, இருக்கு. ஆனா ஹோஸ் பூட்ட முதல் அந்தக் குழாயை நகத்தால ஒருக்காச் சுரண்டிப் பாருங்க. உதிந்தா லேத் அண்ணைட்ட ஒண்டாப் போவம், அவரிட்ட பித்தளைத் தண்டில இன்னும் ஒரு சாண் கிடக்கு.